யானராஜு திருப்பி அனுப்பிய பிள்ளை

படையலுக்கென்று பிள்ளை உருவில் பிசைந்து ரொட்டி அடுப்பில் சுட்டெடுத்த மாவுக் குழந்தைகளில் ஒன்று மட்டும் சில்லென்று இருந்தது. மற்றவை கையைச் சுட்டன. இது மட்டும் வேகாமல் வெளுத்துக் கிடந்தது. தன் மகன் தியோவுக்கென்று நிக்காசியா பதித்த திராட்சைக் கண்களைச் சுற்றி ஈரம் கசிந்தது.

"ஓரமா வெச்சிருப்பீங்க அண்ணி," என்றாள் கணவனின் தங்கை பாசிலியா. ஆனாலும் அதைத் தொட்ட கையைப் பாவாடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்காவின் தொலைந்த குட்டியைத் தேடி யானராஜு பனிமலையில் ஏறியவன் தியோ. பிணம்கூடக் கிடைக்கவில்லை. படையல் போட்டால் அவன் செத்துவிட்டான் என்று பெற்றவளே ஒப்புக்கொண்டதாகிவிடுமே! படைக்க மாட்டேன் என்று இரண்டு வருஷம் அடம்பிடித்தாள் நிக்காசியா.

"வழி தெரியாம மேலயே அலையறான் அண்ணி. கூப்பிட்டு வயிறாரப் போடுங்க. மறுநாள் உச்சிவேளைக்கு அனுப்பிடுங்க. அனுப்பறதுதான் முக்கியம்," என்று பாசிலியா கெஞ்சிய பிறகுதான் இந்தக் கல்லறைத் திருநாளுக்கு இணங்கினாள்.

வாசற்படிக்கு உள்ளே சாம்பல் தூவி, அவித்த கிழங்கும் ரொட்டியும் மேசையில் வைத்துக் காத்திருந்தாள். உச்சிவேளை மணி அடித்ததும் ஊர் நாய்கள் அடங்கின. வெளியே வெயில் பளீரென்று காய, நனைந்த கம்பளி வாடையும், பனிமுகட்டில் மட்டுமே வீசும் ஈரக்கல் வாடையும், எதிலிருந்தோ நீர் சொட்டும் சத்தமும் மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்தன. சாம்பலில் சின்னப் பாதங்கள் பதிந்தன. பெற்ற வயிறல்லவா, அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் உச்சிவேளையில் ஊரே மேசையைக் கலைத்துத் தங்கள் ஆத்மாக்களை வழியனுப்பியது. நிக்காசியா தாழ்ப்பாளைப் போட்டாள்.

"அண்ணி, கலைச்சிட்டீங்களா?" வெளியிலிருந்து பாசிலியா கேட்டாள்.

"இருக்கட்டும். இப்பதானே வந்தான்."

"போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நிக்காசியா மேசையில் இன்னும் கொஞ்சம் கிழங்கு எடுத்து வைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது.

சாம்பலில் வெளியே போன தடம் இல்லை. தியோவின் மாவுக் குழந்தைக்குத் தலை இல்லை. கட்டிலில் போர்வை மேடிட்டிருந்தது.

"அம்மா. குளுருது."

அதே குரல். அதே கொஞ்சல்.

"தள்ளிப் படுடா. அம்மா சூடு பண்றேன்."

அணைத்துத் தாலாட்டினாள். கல்லாக இருந்தான். அவன் மூச்சில் ஆவியில்லை. அவள் மூச்சில் இருந்தது.

கதவை இடிக்கும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. சின்னக் கை அவள் கழுத்தைச் சுற்றியது. இறுகியது.

அவள் வாயிலிருந்து வந்த வெண்புகை மெலிந்தது. பிறகு வரவில்லை.

அவள் இன்னும் தாலாட்டிக்கொண்டிருந்தாள்.