இரண்டு கொப்பு

காரின் இடது பின்பக்கம் நான்கு விரல் தாழ்ந்திருந்தது. வாங்கிய மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்த சந்தமாலி முதலில் பார்த்தது அதைத்தான். தரை சரிவாக இருக்கும் என்று நினைத்துக் காரைத் திருப்பி நிறுத்தினாள். அப்போதும் அதே மூலைதான் தாழ்ந்திருந்தது.

பழைய கார் என்றால் ஏதாவது ஒன்று இருக்கத்தானே செய்யும். காலையில் சோக்கை இழுத்துவிட்டு இஞ்சினை மூன்று முறை முனக விடவேண்டும். இரண்டாவது கியரைக் கொஞ்சம் தூக்கித்தான் போடவேண்டும். வலது பக்கம் திருப்பும்போது மட்டும் ஹார்ன் கத்தும். எல்லாவற்றையும் அவள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். "பஸ்கூட ஒழுங்கா போகாத ஊருக்கு என் பிள்ளைய அனுப்ப மாட்டேன்" என்று பிரிந்துபோன புருஷன் சொன்ன பேச்சுக்கு அவள் கொடுத்த பதில் அந்தக் கார். ஆறு வயது செனுமி கெக்கிராவ டவுனில் அவனுடைய அக்கா வீட்டில் இருந்தாள். சந்தமாலி படிப்பிக்கும் பள்ளிக்கூடமும் அவளுடைய இரண்டு அறை வீடும் பதினோரு மைல் காட்டுக்கு அந்தப் பக்கம். கார் ஓடினால் பிள்ளை வந்துவிடுவாள். அதற்கு முன் காரைப் பழகவேண்டும் என்று, பள்ளி விட்டதும் தினமும் காட்டைக் கடந்து டவுன்வரை போய்வந்தாள்.

காரை விற்ற முதியான்சே கிழவர் சாவியைக் கொடுக்கும்போது இஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மிஸ், காட்டு வாசல்ல கொப்பு ரெண்டு கட்டுங்க."

"நான் ஒருத்திதானே போறேன், மாமா?"

"தெரியும். ரெண்டு கட்டுங்க."

அந்தப் பக்கத்தில் கொப்பு கட்டாமல் யாரும் வண்டியைக் காட்டுக்குள் விடுவதில்லை. காட்டுப் பாதையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பாலை மரம். அங்கே நிறுத்தி, ஓரத்துப் புதரில் இலையோடு ஒரு கொப்பு முறித்துக் மரத்தில் கட்டியிருக்கும் கொடியில் தொங்கவிட்டு, காட்டைக் காக்கும் ஐயநாயக்க தெய்வத்திடம் சொல்லிக்கொண்டு போவார்கள். வண்டியில் எத்தனை தலையோ அத்தனை கொப்பு. யானை எண்ணிப் பார்க்கும் என்று லொறிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒரு கொப்பைக் குறைத்துக் கட்டுகிற லொறிக்காரனை யாரும் பார்த்ததில்லை.

சந்தமாலி முதல் நாள் ஒன்றுதான் கட்டினாள். கிழவர் சொன்னால் ஆயிற்றா? காட்டின் நடுவே, இரண்டு பக்கமும் மரங்கள் வெயிலை வடிகட்டிப் பச்சையாக இறக்கிக்கொண்டிருந்த வளைவில், எங்கோ குரங்குகள் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், இஞ்சின் இரண்டு தரம் விக்கி நின்றது. நின்ற கையோடு குரங்குகளின் கத்தலும் நின்றது. மூட்டுவலிக்குத் தேய்க்கும் எண்ணெயின் மணம் சீட்டுகளுக்கு நடுவே மெல்ல எழுந்து முன்னால் வந்தது. பின் சீட்டின் சுருள் கிறீச்சிட்டது. இடுப்பு நோகிறவர்கள் உட்கார்ந்த வாக்கில் கொஞ்சம் நகர்ந்துகொள்வார்களே, அந்தச் சத்தம். கண்ணாடியில் பார்த்தாள். யாரும் இல்லை. பின் இடது ஜன்னலில் மட்டும் மூச்சுப் பட்ட பனிப்பு.

பயந்துவிட்டதற்குத் தன்மீதே கோபம் வந்தது.

"யாருன்னு தெரியாது. ஆனா இது என் கார்" என்றாள் சத்தமாக. "இறங்கணும்னா இறங்கு. இல்லன்னா வாய மூடிட்டு வா."

கார் கிளம்பியது. மறுநாள் முனகிக்கொண்டே இரண்டு கொப்பு கட்டினாள். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

டவுனில் மெக்கானிக் லலந்த புது ஸ்பிரிங் போட்டான். போட்டு இறக்கியதும் அந்த மூலை மறுபடி தாழ்ந்தது.

"யார உக்கார வச்சு ஓட்டுறீங்க, மிஸ்?"

"உன் மாமியார. வேலையப் பாரு."

லலந்த சிரித்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "முதியான்சே மாமாவோட சம்சாரம் டிங்கிரி மெனிக்கே இந்தக் கார்லதான் செத்துப்போச்சு. எப்பவும் மூட்டுவலி, அன்னிக்கு நெஞ்சுவலியும். பின் சீட்டுல சாய்ச்சுப் படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாரு. அவசரத்துல கொப்பு கட்டல. நடுக்காட்டுல யானை மறிச்சு ஒரு மணி நேரம் நகர விடல. அதுக்கப்புறம்தான் மாமா ரெண்டு ரெண்டா கட்ட ஆரம்பிச்சாரு."

"பாவம்தான்" என்றாள் சந்தமாலி. "அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செனுமியை ஏற்றினாள். நாத்தனார் வாசலில் நின்று காரை மேலும் கீழும் பார்த்து, "இதுலயா?" என்றாள். "இதுலதான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். செனுமி முன் சீட்டில் புதுச் செருப்பை ஆட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

பாலை மரத்தடியில் தனக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று கட்டினாள். கை மூன்றாவது கொப்புக்குப் போயிற்று. பாதியில் நின்றது. செத்தவளையும் தன் பிள்ளையையும் ஒரே கொடியில் எண்ணி மாட்டுவதா? மூன்று கட்டினால் மூன்று பேர் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்றைக்கு மட்டுமில்லை, பிள்ளை இந்தக் காட்டைக் கடக்கிற ஒவ்வொரு நாளும்.

பின் கதவைத் திறந்தாள்.

"மாமி, இதுவரைக்கும் சும்மா ஏத்திட்டு வந்தேன். இனிமே முடியாது. இங்கேயே இறங்கிக்கங்க."

காத்திருந்தாள். இலை அசையவில்லை. பிறகு, மெல்ல, மிக மெல்ல, காரின் பின்பக்கம் நான்கு விரல் மேலே எழுந்தது.

கதவை அறைந்து சாத்தினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கார் நேராக நின்றது. அத்தனை நாளில் முதல்தடவையாக நேராக.

காட்டுக்குள் கார் பறந்தது. பள்ளியில் சொல்லிக்கொடுத்த முயல் பாட்டைச் செனுமி கத்திப் பாடினாள், அம்மாவும் கூடப் பாடினாள். இரண்டாவது அடியின் நடுவில் பிள்ளையின் குரல் நின்றது.

"என்னடா, மறந்துட்டியா?"

ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. முன் இடது மூலை இறங்கியது. ஒரு விரல். இரண்டு. நான்கு. எண்ணெய் மணம் இந்தமுறை பின்னாலிருந்து வரவில்லை.

பிரேக்கை மிதித்தாள். இரண்டாவது கொப்பைச் செத்தவள் தன்னுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டாள். காரைத் திருப்ப வேண்டும், மரத்தடிக்குப் போகவேண்டும், பிள்ளைக்கு இன்னொன்று கட்டவேண்டும். ஒடித்துத் திருப்பினாள். கியர் அரைத்தது. விழவில்லை. மறுபடி அரைத்தது.

"தூக்கிப் போடு" என்றாள் செனுமி, சாலையைப் பார்த்தபடி.

பிள்ளை இந்தக் காரில் ஏறியது இன்றுதான்.

சந்தமாலி பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஸ்டியரிங் கையை விட்டுப்போகும். மரத்தடிவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். இறங்கினாள். பிள்ளைப் பக்கத்துக் கதவை இழுத்தாள். திறக்கவில்லை. கைப்பிடி கையோடு வந்துவிடும்போல் இழுத்தாள். இல்லை.

புதருக்கு ஓடினாள். ஒரு கொப்பு. கட்டினாள்.

"இது என் பிள்ளைக்கு. கேக்குதா? உனக்கில்ல. என் பிள்ளைக்கு!"

இன்னொன்று. இன்னொன்று. பத்து. உள்ளங்கை கிழிந்தது. கொடி கொப்புகளின் கனத்தில் தொங்கிற்று. புதர் மொட்டையானது. அடுத்த புதருக்குப் போனாள்.

காரின் ஜன்னல் கண்ணாடி இறங்கியது. ஆறு வயதுப் பிள்ளை ஒரு காலை மடக்கிப் போட்டு, இடுப்பில் கையை ஊன்றி, வலியோடு நிமிர்ந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தாள். அந்தக் கண்களில் கோபமே இல்லை.

"போதும், மகளே" என்றாள். "வெயில் ஏறுது. வந்து வண்டிய எடு."

சந்தமாலி அடுத்த கொப்பை முறித்தாள்.