பாதி வாக்கியத்தில் ஒரு பிணம்

இப்போதெல்லாம் போன் பண்ணுகிறவன் எவனும் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதில்லை. "எங்க இருக்கீங்க?" என்கிறான். எங்கே இருந்தால் இவனுக்கு என்ன?

அன்று மதியம் அப்படிக் கேட்டவர் ஒரு இன்ஸ்பெக்டர்.

"உங்க பொண்ணு ஆபீஸுக்கு வாங்க. ஒரு சாவு."

போனை எடுத்த கிழவர் சட்டையைத் தேடி ஓடினார். பிறகுதான் இன்ஸ்பெக்டர் சொன்னார், செத்தது மகள் இல்லையென்று. இதை முதலில் சொல்லித் தொலைத்தால் என்ன?

மகள் மெஷின்களுக்கு இங்கிலீஷில் விளக்கப் புத்தகம் எழுதுகிறவள். அச்சுக்குப் போகுமுன் மானேஜர் அதை உரக்கப் படிப்பார். வாக்கியம் முடிந்ததும் மேஜையைத் தட்டுவார். தட்டினால், மெக்கானிக் ஒன்றும் தெரியாதவன் போல அதை அப்படியே செய்து பார்ப்பான்.

அந்த மெக்கானிக்தான் இப்போது ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருந்தான். தரையில் ஒற்றைச் செருப்பு. அறை முழுக்கக் கருகல் வாடை...

மானேஜர் தாளை நீட்டினார். 'உள்ளே கையை விடவும்' என்பது முன்னால். 'கரண்டை நிறுத்திய பிறகு' என்பது வாலில். பாதி கேட்டதுமே அவசரப்பட்டு விட்டான், பாவம் என்றார். எழுதியது இவள்தான் என்றார்.

மேஜை மேல் இன்ஸ்பெக்டரின் கைவிலங்கு பளபளத்தது.

"கரண்ட நிறுத்தறதத்தான்பா நான் முதல்ல எழுதினேன். யாரோ மாத்திட்டாங்க. ஆபத்தக் கொண்டுபோய் கடைசில வைப்பேனா?"

கிழவர் பெற்ற மகளையே முழுசாக நம்புகிறவர் இல்லை. ஆனால் இவள் காபி கொடுத்தால்கூட, "சுடுதுப்பா" என்று சொன்ன பிறகே டம்ளரை நீட்டுகிறவள். அதை எப்படி நம்பாமல் இருப்பது?

இன்ஸ்பெக்டர் மெயினையே அணைக்கச் சொன்னார். மெக்கானிக் இடத்தில் கிழவரை உட்காரவைத்தார். காலையில் நடந்தது போலவே படிக்கும்படி மானேஜரிடம் சொன்னார். கிழவருக்காகத் தமிழில், ஆனால் அதே வரிசையில்.

மானேஜர் தொண்டையைச் செருமினார்.

"உள்ள கைய விடவும்..."

டொக்.

கிழவரின் கை மடியிலேயே கிடந்தது.

"கரண்ட் இல்ல தாத்தா. விடுங்க," என்றார் மானேஜர்.

"அது நீங்க சொல்றது."

டொக். டொக்.

"தட்டிட்டேன்ல? தட்டினா விட வேண்டியதுதானே? அவன்லாம் தட்டின உடனே..."

நிறுத்திக்கொண்டார்.

மகள் மெல்ல நிமிர்ந்தாள்.

"முழு வாக்கியமும் முடிஞ்சாதான் தட்டணும் சார். நீங்க தட்டற வரைக்கும் அவர் விரலக்கூட அசைக்க மாட்டார். பாதியில ஏன் தட்டினீங்க?"

மானேஜர் உதட்டை நக்கினார்.

இன்ஸ்பெக்டர் செத்தவனின் போனை எடுத்துக் காட்டினார். முதலாளிக்கு எழுதி அனுப்பாமல் விட்ட செய்தி. மெஷின் வரைபடங்களை மானேஜர் வெளியே விற்கிறார் என்று இருந்தது.

"அவன் வாயையும் அடைச்சாச்சு. பழியப் போட ஒரு தாளும் மாத்தியாச்சு. அப்படித்தானே சார்?"

விலங்கு மேஜையிலிருந்து எழுந்தது.

வாசலில் ஜீப் உறுமியது. மகள் கண்ணைத் துடைத்தபடி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் முதல் முறையாகச் சிரித்தார்.

"ரெண்டு பேரும் ஏறுங்க பெரியவரே. கொண்டுபோய் விட்டுடறேன்."

கிழவர் ஜீப்பை மேலும் கீழும் பார்த்தார். மகளை இழுத்துக்கொண்டு தெருவில் நடையைக் கட்டினார்.

"எங்கன்னு நீங்க இன்னும் சொல்லி முடிக்கல."