வலை இழுக்கும் தூக்கம்

பகலில் சவேரியாரின் பேச்சு பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காமல் போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்தக் குரல்தான் இப்போது இருட்டில், நடுக்கடலில் ஆள் ஏவுவது போல ஓங்கி எழுந்தது.

"ஏலே, இழு! விட்றாத, இழு!"

ஜோதிமேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். வெளியே பாம்பன் காற்று, காய்ந்த பாசியின் நெடி, கொடியில் எதுவோ விடாமல் படபடக்கும் சத்தம். உள்ளே, அதே கட்டிலில், கண்ணை மூடிக்கொண்டு காற்றில் வலை இழுக்கும் புருஷன். முப்பது வருஷத்தில் அவள்மீது கை ஓங்காத மனுஷர். போன மாதம் அந்தக் கை தூக்கத்தில் அவள் கன்னத்தில் இறங்கியது.

மதுரை டாக்டர் பார்க்கின்சனாக இருக்கலாம் என்றார். கருவாட்டு வாசம் தெரியாமல் போனது, பொத்தான் போட விரல் திணறுவது, கனவில் செய்வதை உடம்பும் செய்வது, எல்லாம் அதன் ஆரம்பமாம். கை நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்பே தூக்கம் மாறிவிடுமாம். ராத்திரிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். தனியாகப் படுக்கவும் சொன்னார். அவள் மாத்திரையை நம்பிப் பக்கத்திலேயே படுத்தாள்.

இன்று சாயங்காலம் துவைக்கத் தலையணை உறையைக் கழற்றினாள். மாத்திரைகள் கொட்டின.

"ஏங்க, என்ன இது?"

"அதப் போட்டா கனா வரமாட்டேங்குது."

"வராட்டி என்ன?"

"அங்கன என் கை வேலை செய்யுது, மேரி."

"இங்கன என் மூஞ்சி வீங்குதே. அது தெரியலையா?"

"தெரியுது" என்றார்.

படுக்கும்போது அவள் கண்ணெதிரே ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். நாக்கை நீட்டிக் காட்டினார்.

"பூசையில சாமியார்கிட்ட நன்மை அப்பம் வாங்குற மாதிரில்ல நீட்டுறீக" என்று அவள் சிரித்துக்கூட விட்டாள்.

அப்படியானால் இந்தக் குரல்?

அவர் தலையணையைத் தடவினாள். ஈரம். பாதி கரைந்த மாத்திரை விரலில் ஒட்டியது.

எழப் பார்த்தாள். தலை வரவில்லை. முடி அவர் பிடியில். முழம் முழமாக இழுத்தார். ஒரு கை விட்டதும் மறு கை பிடித்தது. திணறலே இல்லை.

"ஏங்க..."

இழுப்பு நின்றது. கை அவள் காதுக்குக் கீழே இறங்கியது. வலையில் மாட்டிய மீனைச் செவுளுக்குள் விரல் விட்டுத்தான் கழற்றுவார்கள். பெருவிரல் தாடைக்கடியில் தேடியது. இல்லை. மறுபடி தேடியது.

அவசரமில்லை.

மூடிய கண்களோடு அவர் சிரித்தார். விரல் மெத்தென்ற ஓரிடத்தில் நின்றது. அழுத்தியது.