ராசியான மூச்சு

செல்போன் அலறியது.

சேலம் இன்ஸ்பெக்டர் மணிமாறன் டீ கிளாஸைக் கீழே வைக்காமலேயே எடுத்தார்.

"இன்ஸ்பெக்டர்... நான் ஃபேர்லேண்ட்ஸ் கிளினிக் டாக்டர் ஜெயப்பிரியா பேசறேன். லேப் ரிப்போர்ட் வந்துடுச்சு. பூபதியை விட்டுடுங்க!"

"என்னது?"

"மூணு குழந்தைங்களுக்கும் மூச்சு மருந்து இழுக்க அவன் வாடகைக்கு விட்ட நெபுலைசர் மெஷின்ல ஒரு கிருமியும் இல்லை. சுத்தம்!"

நேற்று மாலையிலிருந்து லாக்கப்புக்குள் பூபதியும் இதையேதான் அழுது சொல்லிக்கொண்டிருந்தான். மணிமாறன் நம்பவில்லை.

எப்படி நம்புவார்? நான்கு மாதத்தில் மூன்று குழந்தைகள்! மூன்றுக்கும் ஒரே நோய்... சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே நுரையீரலில் கோந்து போலச் சளி கட்டிக்கொள்ளும். அதில் ஒரு பொல்லாத கிருமி குடியேறி, மூன்று பேரும் மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதே நோயோடு இன்னொரு குழந்தை இருக்கிறது. கனிஷ்கா. ஆறு வயது. இன்றுவரை அவளை அந்தக் கிருமி தொடவில்லை.

மணிமாறனின் ஒரே மகள்!

"அப்ப கிருமி எங்கேர்ந்து வந்துச்சு டாக்டர்?"

"ஒரு மனுஷனோட நுரையீரல்லேர்ந்து! மூணு பேர் சளியிலயும் கிருமியோட டிஎன்ஏ அச்சு அசலா ஒண்ணு. யாரோ ஒருத்தர்தான் மூணு பேருக்கும் குடுத்திருக்காங்க."

"பசங்க ஒருத்தரையொருத்தர் பார்த்திருப்பாங்க..."

"சான்ஸே இல்லை! இந்த நோயாளிங்க பக்கத்துல பக்கத்துல உட்காரவே கூடாது. அதுக்குத்தான் ஆளுக்கொரு கிழமை வரச் சொல்றேன்!"

"ஜீப்போட வர்றேன். ரெடியா இருங்க."

வெண்ணந்தூர்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். கௌசிக் வீட்டில் மட்டும் தறி ஓடவில்லை. மூன்றாவதாக இறந்தவன் அவன்தான். புதைத்து ஒன்பது நாள். அவன் அம்மா மலர்விழி சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

"பையனை எங்கம்மா கூட்டிட்டுப் போனீங்க?"

"எங்கயும் போகலீங்க!"

பதில் ரொம்ப வேகமாக வந்தது.

"இன்னொரு குழந்தையும் போகணுமாம்மா?"

மலர்விழி டாக்டரைப் பயத்தோடு பார்த்தாள்.

"டாக்டரம்மா வையக் கூடாதுங்க... வாழப்பாடியில வெண்ணிலான்னு ஒரு புள்ளைங்க. தையக்கடை வெச்சிருக்குது. அதுக்கும் இதே சீக்குதானுங்க. ஆனா இருபத்தேழு வயசு! ராசியான புள்ளைன்னு எங்களாட்டம் தாய்மாரெல்லாம் போவமுங்க. வெள்ளிக்கெழமையில திருநீறு வெச்சு..."

"வெச்சு?"

"புள்ள மூஞ்சியப் புடிச்சுக்கிட்டு, மூணு தடவ ஊதுமுங்க."

ஊதும்!

மணிமாறன் சட்டென்று நிமிர்ந்தார். ஜெயப்பிரியாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஏனோ அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாஸ்க் போடலையா?" மணிமாறன் கேட்டார்.

"அது போடறேன்னுதானுங்க சொல்லுச்சு. நாங்கதான் வேண்டாம்னமுங்க. துணி மறைச்சா மூச்சு எப்பிடிங்க படும்?"

"வேற யார் போறாங்க? சீக்கிரம்!"

"உங்க ஊட்டுக்காரம்மா துக்கம் கேக்க வந்தாங்கல்லங்க... நாங்க சீக்கு முத்துனப்பறம் போயிட்டோம், நீங்களாச்சும் முந்தியே போங்கன்னு நாந்தானுங்க சொன்னேன். இந்த வெள்ளிக்கெழம போறேன்னாங்க."

இன்று வெள்ளிக்கிழமை!

ஜீப் பறந்தது.

மனைவி மஞ்சுளாவின் போன்... ஸ்விட்ச் ஆஃப்! காலையில் மகளுக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டு, "கோயிலுக்குப் போயிட்டு வாரேங்க" என்றாளே! பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்ற தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது மணிமாறனுக்கு. ஊரெல்லாம் துப்புத் துலக்குகிறவருக்குச் சொந்த வீட்டில் நடப்பது தெரியவில்லை.

வாழப்பாடி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தத் தையல் கடை.

கதவை உதைத்தார்.

நாற்காலியில் கனிஷ்கா. நெற்றியில் திருநீறு. அவள் கன்னங்களைப் பிடித்தபடி ஒல்லியாக ஒரு பெண் குனிந்து, மூச்சை உள்ளே இழுத்து...

"ஊதாதே!"

பாய்ந்து மகளை வாரிக்கொண்டு வெளியே ஓடினார். பின்னாலேயே மஞ்சுளா பதறிக்கொண்டு வந்தாள்.

"எத்தனை தடவை ஊதினா? சொல்லு மஞ்சுளா!"

"இன்னும் ஊதவே இல்லைங்க... இப்பதான் வந்தோம்... என்னங்க ஆச்சு?"

மணிமாறன் யூனிஃபார்மோடு நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதார். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்!

விஷயம் புரிந்ததும் வெண்ணிலா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானா சார்? அந்தப் புள்ளைங்களை... நானா?"

இருமல் அவளைப் பிடுங்கி எடுத்தது. அவள்மீது கோபப்பட மணிமாறனுக்கு மனம் வரவில்லை. பாவமாக இருந்தது.

"இந்தத் தாய்மாருக்கு உன்னை யாரும்மா காட்டினது?"

"நான் யாரையும் கூப்பிடலை சார். உன் வயசைக் கேட்டாலே அவங்களுக்குத் தெம்பு வரும், உன் நம்பரைக் குடுக்கறேன்னு..."

வெண்ணிலாவின் விரல் மணிமாறனின் தோளுக்குப் பின்னால் நீண்டது.

"இவங்கதான் சொன்னாங்க."

டாக்டர் ஜெயப்பிரியா ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன்ல பேசத்தான் குடுத்தேன் இன்ஸ்பெக்டர்... ஒரு தைரியத்துக்கு... நேர்ல போவாங்கன்னு நான் நினைக்கவே..."

மணிமாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இருபது வருஷமா குற்றவாளிங்களைத் தேடி அலைஞ்சிருக்கேன் டாக்டர். ஆனா முன் சீட்டுல உட்கார வெச்சு, ஏசியும் போட்டுவிட்டுத் தேடினது இதான் முதல் தடவை!"