காணாமல் போன பெரிய கண்ணாடி

வலம்புரிக் கப்பல் நிற்க வேண்டுமென்றால் அந்தக் கண்ணாடி கிடைத்தாக வேண்டும். தண்ணிலம் என்ற கோளில் அன்று காலை எல்லோரும் இதையேதான் பேசினார்கள்.

தண்ணிலத்தின் விளக்கும் தொழிற்சாலையும் அருகிலிருந்த விண்மீனை நம்பியே ஓடின. விண்மீனைச் சுற்றி மிதக்கும் கண்ணாடிகள் அதன் ஒளியைப் பிடித்து, கற்றையாக்கி அனுப்பும். சிறிய கண்ணாடிகள் ஊருக்கு. நகரம்போல் அகன்ற பெரிய கண்ணாடி கப்பல்களுக்கு. வேகமாக வரும் கப்பலின் எதிரே அதன் கற்றை மோதித்தான் கப்பலை நிறுத்தும். விண்மீனில் எழுந்த ஒரு புயலுக்குப் பிறகு அந்தப் பெரிய கண்ணாடியைக் காணவில்லை. குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வலம்புரியோ நெருங்கிக்கொண்டிருந்தது. கற்றை இல்லாவிட்டால் அது தண்ணிலத்தைத் தாண்டி இருட்டுக்குள் போய்விடும். அப்புறம் திரும்பவே முடியாது.

மூன்று பேர் தேடக் கிளம்பினார்கள். விண்மீனின் ஒளி தள்ளி ஓடும் ஒளிப்பாய் கட்டிய படகை ஓட்டுவதில் கெட்டிக்காரி பூங்கோதை, அவள் தம்பி சேந்தன், கண்ணாடிகளைப் பழுதுபார்க்கும் ரஹீமா. ரஹீமாவின் தங்கை வலம்புரியில் வந்துகொண்டிருந்தாள்.

விண்மீனை நெருங்க நெருங்கப் படகு கொதித்தது. எங்கு தேடியும் வெறும் வெளிச்சம்தான். படகின் கறுப்பு ஜன்னல் வழியே விண்மீனையே பார்த்துக்கொண்டிருந்த சேந்தன் திடீரென்று எழுந்தான்.

"அக்கா, அதுல ஒரு கோடு தெரியுது. தலைமுடி மாதிரி."

ரஹீமா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "அதேதான். விளிம்பைக் காட்டிக்கிட்டு நிக்குது, அதான் நம்ம கண்ணுல படல. புயல் திருப்பிவிட்டிருக்கு. முகத்துல ஒளி விழாம பேட்டரி செத்துப்போச்சு."

"மறுபடி எப்படித் திருப்புறது?" என்றாள் பூங்கோதை.

"முழுசாத் திருப்ப வேண்டாம். பேட்டரி போன பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவோம்ல, அது மாதிரி. லேசா சாய்ச்சா போதும், ஒளி பட்டதும் அதோட மோட்டாரே மிச்சத்தைப் பாத்துக்கும்."

"தள்ள என்ன இருக்கு நம்மகிட்ட?" என்றான் சேந்தன்.

பூங்கோதை மெல்லத் தலை நிமிர்த்தித் தன் படகின் பாயைப் பார்த்தாள். அவளே தைத்த பாய்.

"விண்மீன் பக்கத்து விளிம்புல இதைச் சாய்ச்சுக் கட்டுவோம். ஒளி பட்டு விளிம்பை ஒதுக்கித் தள்ளட்டும்."

சேந்தன் விண்ணுடையோடு விளிம்பில் இறங்கிக் கயிறுகளை இறுக்கினான். வெகுநேரம் எதுவும் அசையவில்லை. பிறகு அவன் காலடியில் ஒரு நடுக்கம். கண்ணாடியின் முகத்தில் நூல்போல வெளிச்சம் விழுந்து, பட்டையாக அகன்றது. எங்கோ ஆழத்தில் மோட்டார்கள் உறுமின.

"முழிச்சிருச்சு," என்று கத்தினாள் ரஹீமா. "சேந்தா, பின்பக்கம் ஓடி வா. முன்னாடி நின்னா கருகிருவ."

"பாயை அவுத்துட்டு வரேன்."

"வெட்டி விடுடா," என்றாள் பூங்கோதை.

"வீட்டுக்கு எப்படிக்கா போறது?"

"உன்னை விட்டுட்டுப் போறதுக்கா எனக்குப் பாய்? வெட்டு."

அவன் கயிற்றை வெட்டிவிட்டுத் தாவினான். அவன் நின்ற இடத்தில் மறுகணம் வெள்ளை நெருப்பாக ஒளி பாய்ந்தது. பாய் பொசுங்கிப் பறந்தது. கண்ணாடியின் முதுகோடு ஒட்டிக்கொண்ட படகுக்குள் மூவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கற்றை தொலைதூர இருட்டை நோக்கிப் புறப்பட்டது.

நெடுநேரம் கழித்து வானொலி கரகரத்தது. "வலம்புரியிலேர்ந்து பேசுறோம். வேகம் குறையுது. யாரும்மா அங்க? புண்ணியமாப் போகும்."

ரஹீமா பதில் சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

கற்றையில் மெதுவாகி வந்து நின்ற வலம்புரி, தன் மீட்புப் படகை அனுப்பி மூவரையும் ஏற்றிக்கொண்டது. கதவு திறந்ததும் தங்கை ஓடிவந்து ரஹீமாவைக் கட்டிக்கொண்டாள். தண்ணிலத்தில் இறங்கியபோது ஊரே திரண்டு நின்றது. இனிப்பை வாயில் திணித்துவிட்டு ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள்.

"பெருசா ஒண்ணும் பண்ணல," என்றாள் ரஹீமா. "விண்மீன் பாட்டுக்கு அள்ளிக் கொடுத்துக்கிட்டேதான் இருந்துச்சு. வாங்கிக்கத் தோதா கொஞ்சம் திருப்பி வெச்சோம்."

எந்தக் கண்ணாடியும் இனி அப்படி மாட்டிக்கொள்ளாதபடி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு சிறு பாய் சாய்த்துக் கட்டுவதென்று ஊர் முடிவெடுத்தது. முதல் பாயைத் தைக்க அன்று மாலையே பூங்கோதை உட்கார்ந்துவிட்டாள். சேந்தன் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான்.