இரட்டைப்பல் திருப்புளி

"என் மகன் உயிரோட இருக்கான் சார். வீட்டுக்கு வந்துட்டுப் போறான். அவன் எங்க இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றாள் முத்துராணி, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது எஸ்றாவின் அலுவலகம். காவல்துறையின் கைரேகைப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். யார் எவ்வளவு அவசரமாகப் பேசினாலும் தன் நிதானத்தை மாற்றிக்கொள்ளாதவர். உதவியாளர் அஸ்ஃபியா அதற்கு நேர்மாறு. சட்டம் படித்த மேலப்பாளையத்துப் பெண். அந்த அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் குறிப்பேட்டைத் திறந்துவிட்டாள்.

"முதல்ல இருந்து சொல்லுங்கம்மா" என்றார் எஸ்றா.

முத்துராணியின் ஊர் கல்லிடைக்குறிச்சி. ஒரே மகன் பெருமாள்ராஜ், முப்பத்தொரு வயது. ஒரு தனியார் கம்பெனியில் வேலை. மிச்ச நேரமெல்லாம் பழைய மாடல் ரயில் எஞ்சின்களோடுதான். அறுபது, எழுபது வருஷத்துக்கு முந்திய வெளிநாட்டு எஞ்சின்கள். உள்ளங்கை நீளம் இருக்கும். ஓடாமல் கிடப்பதை வாங்கிவந்து சுத்தம் செய்து ஓட்டிக் காட்டுவான்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால மார்கழி வெள்ளம் வந்துச்சுல்லா, அன்னைக்கும் ஒரு எஞ்சினைக் கழத்திப் போட்டு வச்சிட்டு உக்காந்திருந்தான். எனக்குக் கோவம் வந்துட்டு. 'ஊரே முங்குது, நீ பொம்மை வச்சு விளையாடுதியோ'ன்னு கத்திட்டேன். ஒண்ணும் பேசல. எந்திரிச்சுப் போனான். ஆத்தோரம் இருந்த என் தங்கச்சி குடும்பத்தைக் கூட்டியாந்து விட்டான். அடுத்த வீட்டுக் கிழவரைத் தூக்கப் போனவன் திரும்பல."

"உடல் கிடைக்கலையா?"

"மூணு தடவை போலீஸ்ல கூப்பிட்டாவ. எங்க வீட்டுக்காரவியதான் போய்ப் பாத்தாவ. மூணு தடவையும் நம்ம பய இல்லன்னுட்டாவ."

அந்த அறையை அவள் அப்படியே வைத்திருந்தாள். கழற்றிய எஞ்சினை யாரும் தொட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை கூட்டுவதற்காகக் கதவைத் திறந்தால், எஞ்சின் மறுபடி பூட்டி மூடப்பட்டு, மேஜைமேல் இருந்த பொம்மைத் தண்டவாளத்தில் நின்றுகொண்டிருந்தது.

"யாராவது எடுத்து மூடி வச்சிருக்கலாமே?" என்றாள் அஸ்ஃபியா.

"முடியாதும்மா. அந்த எஞ்சினுக்கு அடியில ஒரு வட்ட நட்டு இருக்கு, ரெண்டு வெட்டோட. சாதாத் திருப்புளி வச்சா வழுக்கி நட்டைக் கடிச்சிரும். அதுக்குன்னே என் மகன் ஒரு திருப்புளியை அரத்தால ராவி, ரெண்டு பல்லு வச்சுச் செஞ்சான். உலகத்துல அது ஒண்ணுதான். அன்னைக்கு அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் வாசல் இறங்கினான். நான் கண்ணால பாத்தேன். இப்ப நட்டுல ஒரு கீறல் இல்ல சார். அவன் வராம அது எப்படி வரும்?"

அதைக் குறித்துக்கொள்ளும்படி எஸ்றா அஸ்ஃபியாவுக்குக் கண்ணைக் காட்டினார். முத்துராணி மேலே சொன்னாள்.

"என்மேல கோவம். அதான் முகம் காட்ட மாட்டேங்கான். ஒரு தடவை அவன் முன்னால நின்னு, தப்புதான் ராசான்னு சொல்லிரணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

மறுநாள் காலை ரயிலில் இருவரும் கல்லிடைக்குறிச்சி போனார்கள். வாசலில் நின்றவர் முத்துராணியின் கணவர் இசக்கியப்பன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எதுக்கு ராணி இவியளை எல்லாம் அலைக்கழிக்க?" என்று மனைவியிடம் மட்டும் கேட்டுவிட்டு, விலகி வழிவிட்டார்.

அறையில் ஒரு நீள மேஜை. வட்டமாகப் போட்ட தண்டவாளம். அதன்மேல் கறுப்பு எஞ்சின். எஸ்றா அதை இரு விரலால் எடுத்துப் புரட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். நட்டில் கீறலே இல்லை.

"அம்மா சொன்னது சரிதான். அந்தத் திருப்புளியாலேதான் மூடியிருக்கு."

முத்துராணி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியளா?"

அஸ்ஃபியா எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, மின்சாரப் பெட்டியின் குமிழைத் திருகினாள். பெட்டியிலிருந்து லேசான உறுமல் கேட்டது. எஞ்சின் நகரவில்லை. எஸ்றா தண்டவாளத்தை விரலால் தடவினார், விரல் பளபளத்தது. எஞ்சினின் எல்லாச் சக்கரங்களிலும் எண்ணெய். அடித்தட்டிலும் எண்ணெய் தேங்கி நின்றது. ஒரு துணியை எடுத்துச் சக்கரங்களையும் தண்டவாளத்தையும் அழுத்தித் துடைத்தார். மறுபடி குமிழைத் திருகியதும் எஞ்சின் ஒருமுறை குலுங்கி, ஊர்ந்து, ஒரு வட்டம் போய் வந்தது.

முத்துராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேஜை ஓரத்தில் ஒரு நோட்டு கிடந்தது. 'புதிதாகத் தொடங்குபவர்களுக்கு' என்று பெருமாள்ராஜின் கையெழுத்து. எஸ்றா வாய்விட்டுப் படித்தார். 'முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் இடுக்கியால் எடுங்கள். மோட்டாரின் செப்பு வளையத்தை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.' பக்கம் அதோடு முடிந்தது. அடுத்த இரண்டு தாள்கள் வெள்ளத்தன்று ஒழுகிய மழையில் ஒட்டிக் காய்ந்திருந்தன. எஸ்றா பிளேடால் பைய அவற்றைப் பிரித்தார். உள்ளே இருந்தது: 'ஊசி முனையில் ஒரே சொட்டு, அச்சு சுழலும் இடத்தில் மட்டும். சக்கரத்தின் விளிம்பில் எண்ணெய் படவே கூடாது. தண்டவாளத்திலிருந்து மின்சாரம் அதன் வழியாகத்தான் ஏறுகிறது.'

"சார், அதே மாதிரி இன்னொரு திருப்புளியை வேற யாராவது செஞ்சிருந்தா?" என்றாள் அஸ்ஃபியா.

அதுவரை கதவருகில் பேசாமல் நின்ற இசக்கியப்பன் அலுப்போடு சொன்னார்: "அவன்கிட்ட இருந்தது போதாதா, இன்னொண்ணு வேறயா? அரைஞாண்கயித்துல முடிஞ்சிருந்ததை எவன் பாத்தான், எவன் செஞ்சான்!"

எஸ்றா நோட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அண்ணாச்சி, கொஞ்சம் வெளியே வாரீங்களா?" என்றார்.

இசக்கியப்பனுக்குப் புரிந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் சார். இங்கனயே சொல்லிருங்க. ரெண்டு வருஷமா என்னால முடியல. நீங்களாவது சொல்லுங்க."

"என்னத்தச் சொல்லப் போறாவ?" என்றாள் முத்துராணி.

எஸ்றா அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, திருப்புளி இந்த வீட்டுக்கு வந்தது உண்மை. ஆனா மூடினது உங்க மகன் கை இல்ல. இந்த நோட்டை எழுதினவன் சக்கரத்துல எண்ணெய் விடமாட்டான். இன்னொரு திருப்புளி செய்யத் தெரிஞ்ச ஆளும் விடமாட்டான். இது எஞ்சினையே தொட்டுப் பழகாத ஒருத்தர் செஞ்சது. நோட்டைப் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கார். எண்ணெய் விடுங்கன்னு படிச்சார், விட்டார். எங்க விடணும், எங்க விடக்கூடாதுங்கிறது ஒட்டின தாளுக்குள்ள இருந்துட்டு."

"அப்ப யாரு?"

"உங்க மகன் வாசல் இறங்கும்போது திருப்புளி எங்க இருந்தது?"

"சட்டைப் பையில."

"அதுக்கப்புறம், தண்ணியில இறங்குறதுக்கு முன்னால, சட்டையைக் கழத்திட்டு அதை அரைஞாண்ல முடிஞ்சிருக்கார். அது உங்களுக்குத் தெரியாது. துணிக்கு உள்ள இருக்கிற கயிறு, யாருக்கும் தெரிய வழியில்ல. ஆனா அரைஞாண்ல இருந்ததுன்னு இப்ப அண்ணாச்சி சொன்னார். அவர் உடம்பைக் கடைசியில பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும்."

முத்துராணி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கியப்பன் உள்ளே போய்த் தன் பழைய கண்டக்டர் தோல் பையைக் கொண்டுவந்தார். அதன் அடியிலிருந்து துணிச் சுருள் ஒன்றை எடுத்து மேஜைமேல் பிரித்தார். முனையில் இரண்டு பல் வைத்த சின்னத் திருப்புளி. அதில் கறுப்புக் கயிறு ஒரு துண்டு இன்னும் முடிச்சோடு இருந்தது.

"ஏரலுக்குக் கீழ ஆத்தோரம் ஒதுங்கிக் கிடந்தான்" என்றார். "மூணாவது தடவை கூப்பிட்டாவள்லா, அன்னைக்கு. ஒன்பதாம் நாள். முகம் தெரியல. இதை வச்சுத்தான் தெரிஞ்சது. கையெழுத்துப் போட்டுட்டு, அங்கனயே ஆத்தங்கரையில நான் ஒருத்தனா நின்னு எரிச்சேன்."

"நம்ம பய இல்லன்னு சொன்னீய."

"உன்கிட்ட எப்படிச் சொல்ல? 'நான் கத்தினதாலதான் போனான்'னு அந்த ஒன்பது நாளும் சுவத்துல தலையை முட்டிக்கிட்டுக் கெடந்த. சொல்லியிருந்தா நீயும் போயிருப்ப."

"இந்த எஞ்சின்?"

"செவ்வாக்கிழமை அவனுக்குத் திதி. போன வருஷமும் ஒண்ணும் செய்ய முடியல. உனக்குத் தெரியாம ஒரு எள்ளும் தண்ணியும் இறைக்க முடியல. அவன் பாதியில விட்டுட்டுப் போனதையாவது முடிச்சு வப்போம்னு நோட்டைப் பாத்துச் செஞ்சேன். நீ கோயிலுக்குப் போயிருந்த. நீ இப்படி நினைப்பன்னு எனக்குத் தோணவே இல்ல ராணி. அதுக்கப்புறம் உன் முகத்துல வந்த வெளிச்சத்தைப் பாத்தேன். வாய் வரல."

முத்துராணி அழவில்லை. திருப்புளியையும் அவள் தொடவில்லை. வேறு யாரைப் பற்றியோ விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

"எரிச்சிட்டு அன்னைக்கே வீட்டுக்கு வந்துட்டியளா?"

"சாயங்காலம் வந்தேன். வழியில ஆத்துல முங்கிட்டு."

"சாப்பிட்டியளா?"

இசக்கியப்பன் ஆமென்று தலையை ஆட்டினார். "தோசை சுட்டிருந்த. அவன் வந்தாலும் வருவான்னு அவனுக்கும் ரெண்டு எடுத்து மூடி வச்சிருந்த. பொறவு, அவன் வரல, ஆறிப்போச்சு, நீங்களே சாப்பிடுங்கன்னு என் தட்டுல போட்ட."

"ரெண்டையுமா தின்னீய?"

"ரெண்டையும்" என்றார் இசக்கியப்பன்.