நெற்றிக்காசு

மாகறலில் பேருந்தை விட்டு இறங்கியபோது மழை இருட்டு கட்டியிருந்தது. நடுப்பகலிலேயே வீடுகளில் விளக்கு போட்டிருந்தார்கள். கைக்குட்டையில் முடிந்த வெள்ளி ரூபாயை இறுகப் பிடித்தபடி, இராமச்சந்திரன் வீட்டை விசாரித்துக்கொண்டு நடந்தாள் சசிரேகா.

அவள் கணவன் ஸ்ரீராம்குமார் காஞ்சிபுரத்தில் பழைய நாணயங்களும் நோட்டுகளும் வாங்கி விற்பவன். இந்த விக்டோரியா ரூபாயை அவனிடம் விற்றுப் போனது இராமச்சந்திரன்தான். காய்ந்த சந்தனம் அப்பியிருந்ததால் காசில் வருஷம் தெரியவில்லை. பழங்காசைக் கழுவினால் மதிப்பு கெட்டுவிடும் என்று எல்லாருக்கும் சொல்பவன், அன்றைக்கு ஆவலை அடக்கமாட்டாமல் கழுவிவிட்டான். கிடைப்பதற்கரிய வருஷம். சந்தோஷமாகப் படுத்தவன் மறுநாள் எழவில்லை.

மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெற்றியின் நடுவில் மட்டும், ஒரு ரூபாய் அகலத்துக்கு, தொட்டால் விரல் மரத்துப்போகும் குளிர்.

இன்று விடியற்காலையில் அவன் உதடு அசைந்தது. ஓடிப்போய்க் காதை வைத்தாள். வந்தது அவன் குரல் இல்லை. வயதான ஒருத்தியின் குரல்.

“எங் காசு.”

இராமச்சந்திரன் கதவைத் திறந்தான். அவள் முடிச்சை அவிழ்த்துக் காட்டிய காசைப் பார்த்ததும் சாத்தப்போனான். சசிரேகா கதவிடுக்கில் காலை வைத்துவிட்டாள்.

“இத்த எதுக்குமா இங்க எடுத்தாந்த?”

“யாரு காசுண்ணா இது? அத மட்டும் சொல்லிடுங்க. எம் புருசன் செத்துக்கினு கீறாரு.”

அவன் கதவைத் தள்ளிக்கொண்டிருந்த கையை எடுத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இறந்துபோன அவன் தாய் ஜெகதாம்பாளின் நெற்றியில், சந்தனம் பூசி ஒட்டிவைத்த காசு அது. பழங்காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் செல்போனில் பார்த்திருந்தான். குழியில் இறக்கும்போது, குனிந்து முகம் மூடுகிற சாக்கில் எடுத்துக்கொண்டான்.

புதைத்த இடத்தைக் கேட்டாள். செய்யாற்றங்கரையில் தனி வேப்பமரத்தடி என்றான். கூட வரச் சொல்லிக் கும்பிட்டாள். வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. காற்றும் இல்லை. வேப்பமரத்தடியில் புதைத்த மேட்டின் முன் மண்டியிட்டு, கையாலேயே தோண்டினாள். மேல்மண் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கை ஆழத்துக்குப் போனதும் குளிர்ந்தது. பூவும் ஊதுபத்தியும் சேர்ந்து அழுகிய வாடை வந்தது.

காசை உள்ளே வைத்து அழுத்தினாள்.

அடியில் மண் இல்லை.

வழவழப்பாக, வளைவாக, தோல்.

கையை இழுத்துக்கொள்ள உடம்பு துடித்தது. கணவனின் முகத்தை நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள்.

“பெத்த புள்ள பண்ண தப்பும்மா. எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது. அவர வுட்டுடு.”

விரலுக்கடியில் அந்தத் தோல் சுருங்கியது. பேச்சைக் காது கொடுத்துக் கேட்பவர்கள் புருவம் உயர்த்துவதைப் போல.

அலறிக்கொண்டு கையை உருவினாள். மண் தானாகச் சரிந்து குழி மூடிக்கொண்டது. அதே சமயம் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. நாத்தனார் மஞ்சுளா அழுதுகொண்டே பேசினாள். அண்ணன் கண் திறந்துவிட்டது, தண்ணீர் கேட்கிறது, சீக்கிரம் வா என்றாள். சசிரேகா அந்த மண்ணிலேயே விழுந்து கும்பிட்டாள்.

வீடு வந்து சேர்ந்தபோது ஸ்ரீராம்குமார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல சூடு. அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அவன் அழவில்லை. மடியில் நாணய ஆல்பம் விரிந்து கிடந்தது. பூதக்கண்ணாடியை அவளிடம் நீட்டினான்.

“இத்தப் பாரு சசி.”

பிளாஸ்டிக் உறைக்குள் எட்வர்டு ராஜா. அடுத்ததில் ஜார்ஜ். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ராஜாவும் ராணியுமாக, பிரிக்காத உறைகளுக்குள், அத்தனை காசிலும் அந்தத் தலைகள் முன்பு திறந்திருந்த கண்களை மூடியிருந்தன.

தூக்கத்தில் தானாக மூடிய கண்கள் அல்ல. உயிர் போனபின் இன்னொருவர் விரல் வைத்து மூடிவிட்ட கண்கள்.